சுஃப்ரென் பெருமகனும் திருக்கோணமலைத் துறைமுகமும்

தீவொன்றின் பெருமை அதன் பரப்பில் அடங்குவதன்று. அது கிடக்கும் இடத்திலும் அதன் துறைமுகத்தின் ஆழத்திலுமே அடங்கியுள்ளது. பொன் விளையாத தீவுகளுக்காகவும் பேரரசுகள் குருதி சிந்தியமைக்குக் காரணம் இதுவே. இவ்வுண்மைக்குத் தம் வாழ்வாற் சான்று பகர்ந்தவர் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் பியர் அந்திரே த சுஃப்ரென் ஆவார்.

இவர் 1729ஆம் ஆண்டிலே தென் பிரான்சின் புரொவான்சு மாகாணத்தில் உயர்குடியொன்றிற் பிறந்தார். இளமையிலேயே கடற்படை புகுந்து, ஆங்கிலேயரோடு நிகழ்ந்த போர்களில் 1747இலும் 1759இலும் சிறைப்பட்டார். இடையிடையே மால்ட்டாத் தீவின் வீரர் சங்கத்திலும் பணிபுரிந்தார். கடல்நடுவே கிடந்த அச்சிறு தீவு, நல்ல துறைமுகத்தின் வலிமையை அவருக்கு உணர்த்தியிருத்தல் கூடும்.

1781இல் கீழைக் கடலுக்குப் புறப்பட்ட சுஃப்ரென், ஏப்ரில் 16ஆம் நாள் கேப் வேர்டே தீவுகளில் நங்கூரமிட்டிருந்த ஆங்கிலப் படையைத் திடீரெனத் தாக்கினார். அதனால் ஒல்லாந்தரின் நன்னம்பிக்கை முனை ஆங்கிலேயர் கைக்குச் செல்லாது தப்பியது. பின்னர் மொறீசியசுத் தீவை அடைந்து, 1782 பெப்ரவரியில் படை முழுவதற்கும் தலைமை ஏற்றார்.

அவர் எதிர்கொண்ட இடுக்கண் யாது? சோழமண்டலக் கரையிலே புயலுக்கு ஒதுங்கத்தக்க துறைமுகம் இல்லை. வடகீழ்ப் பருவக்காற்று எழுந்ததும் சென்னையிலோ புதுச்சேரியிலோ போர்க்கப்பல்கள் நிற்றல் அரிது. ஆங்கிலேயர் பம்பாய்க்குச் செல்லல் வேண்டும். பிரெஞ்சுக்காரர் நெடுந்தொலைவிலுள்ள மொறீசியசுக்குத் திரும்பல் வேண்டும். அக்கரைக்கு அண்மையில், எக்காற்றுக்கும் அஞ்சாது பெருங்கலங்கள் தங்கக்கூடிய ஆழமான இயற்கைத் துறைமுகம் திருக்கோணமலையே. அதனை ஆங்கிலேயர் 1782 சனவரியில் ஒல்லாந்தரிடமிருந்து பறித்திருந்தனர்.

ஆங்கிலத் தளபதி எட்வேட் ஹியூசுடன் சுஃப்ரென் பதினாறு மாத காலத்துள் ஐந்து முறை பொருதார். 1782 சூலையில் நாகபட்டினத்தருகே நிகழ்ந்த மூன்றாம் போரின்பின் மைசூரின் ஐதர் அலியைக் கண்டு அளவளாவினார். பின்பு மட்டக்களப்பிலே துணைக்கப்பல்களைச் சேர்த்துக்கொண்டு, ஓகஸ்து 25ஆம் நாள் திருக்கோணமலையை அடைந்தார். அம்மாதம் முடியுமுன் கோட்டைகள் இரண்டும் பணிந்தன. செப்தெம்பர் 2ஆம் நாள் வந்துசேர்ந்த ஹியூசு, கோட்டை மீது பிரெஞ்சுக் கொடி பறத்தலையே கண்டார். மறுநாட் போரும் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. அப்பருவத்தில் ஆங்கிலப் படை பம்பாய்க்கு ஒதுங்க நேர்ந்தது.

ஆயினும், கடலிலே வென்றது உடன்படிக்கையிலே கைநழுவியது. 1783இல் சமாதானம் ஏற்பட, திருக்கோணமலை மீண்டும் ஒல்லாந்தருக்கு உரியதாயிற்று. சுஃப்ரென் தாய்நாட்டிற் பெருஞ்சிறப்பு எய்தி, 1788இல் பாரிசிலே உயிர் நீத்தார். ஆங்கிலேயரோ பட்ட பாடத்தை மறந்தாரல்லர். 1795இல் அத்துறைமுகத்தை மீண்டுங் கைப்பற்றினர். 1802இல் இலங்கையின் கரைநாடுகள் அவர்க்கு உறுதியாயின. அவர்தம் கடற்படைத்தளம் 1957 வரை அங்கே நிலைத்தது.

சுஃப்ரெனின் ஆற்றல் போற்றற்குரியது. எனினும் மாணவர் ஒன்றைச் சிந்தித்தல் நன்று. ஒரே ஆண்டில் அக்கோட்டையின் கொடி இருமுறை மாறியது. மூன்றாம் மாற்றம் ஐரோப்பாவிலே தீர்மானிக்கப்பட்டது. அத்துறையை அண்டி வாழ்ந்த மக்களின் விருப்பத்தை எவரும் வினவினாரல்லர். இயற்கை ஈந்த செல்வத்தின் மதிப்பை அயலார் அறிந்த அளவிற்கேனும் அதற்குரியோர் அறிதல் வேண்டும். தேசப்படத்தை விரித்து இம்மூலையை நோக்குவோர்க்கு வரலாறு தானே விளங்கும்.