தலையிட்ட தூதுவருக்குக் கிடைத்த புகலிடம்

வெளிநாட்டுத் தலையீடு பற்றி மேற்கு நாடுகள் பேசும்போதெல்லாம் எனக்கு எட்மண்ட் ஷார்ல் ஜெனேயின் நினைவு வருகிறது.

1763இல் வெர்சாயில் பிறந்த ஜெனே, 1793 ஏப்ரல் 8ஆம் திகதி பிரெஞ்சுப் புரட்சி அரசின் தூதுவராக அமெரிக்காவின் சார்ள்ஸ்டன் துறைமுகத்தில் வந்திறங்கினார். மக்கள் திரண்டு வரவேற்றனர். ஜனாதிபதி வொஷிங்டனிடம் நியமனப் பத்திரத்தைக் கையளிக்கும் முன்பே, பிரித்தானியக் கப்பல்களைக் கைப்பற்றத் தனியார் கப்பல்களுக்கு அனுமதி வழங்கினார். ஸ்பானியப் பிரதேசங்கள் மீது படையெடுக்கவும் ஆள் திரட்டினார். வொஷிங்டன் நடுநிலையைப் பிரகடனம் செய்த பின்னரும் அவர் ஓயவில்லை. ஜனாதிபதியைத் தாண்டி மக்களிடமே முறையிடப்போவதாக அவர் மிரட்டினார் என்ற செய்தி பரவியதும், ஆதரித்தவர்களே விலகத் தொடங்கினர். பிரான்ஸின் நண்பரான ஜெபர்சனும் கைவிட்டார். ஓகஸ்டில் அவரைத் திருப்பியழைக்குமாறு அமெரிக்கா கோரியது.

அதற்குள் பாரிஸில் ஆட்சி ஜக்கோபின்களின் கைக்கு மாறியிருந்தது. 1794இல் வந்த புதிய தூதுவர், ஜெனேயைக் கைது செய்து அனுப்பும் கட்டளையோடு வந்தார். திரும்பினால் தலை தப்பாது என்று ஜெனே அஞ்சினார். வொஷிங்டன் அவரை ஒப்படைக்க மறுத்தார். நியூயோர்க் ஆளுநர் ஜோர்ஜ் கிளின்டனின் மகளை மணந்த ஜெனே, விவசாயியாக வாழ்ந்து 1834இல் அங்கேயே இறந்தார்.

புகலிட விண்ணப்பத்தின் முடிவுக்காகக் காத்திருப்பவர்கள் நம் குடும்பங்களிலும் இருக்கிறார்கள். தன் ஆட்சியையே குழப்ப முயன்றவரைக்கூட வொஷிங்டன் சாவுக்குத் திருப்பி அனுப்பவில்லை. பாதுகாப்பைக் காரணம் காட்டிக் கதவடைக்கும் அரசுகளுக்கு இதை நினைவூட்ட வேண்டும் என்று நினைக்கிறேன்.