றோல்ற் காத்த புகையிரதம்

1910 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் செஸ்ரர் நகரிற் பிறந்த எல். ரி. சி. றோல்ற் அவர்களை, புரூணல், ஸ்ரீபன்சன் ஆகிய பொறியியலறிஞரின் வரலாற்றாசிரியராகவே பலர் அறிவர். நானும் அந்நூல்கள் வாயிலாகவே அவரை அறிந்தேன். ஆயினும் அவர் வாழ்விற் பெரிதென நான் மதிப்பது, வேல்ஸ் நாட்டுச் சிறு புகையிரதப் பாதையொன்றைக் காத்த செயலையே.

இளமையில் அவர் தொழில் பயின்ற நீராவி இயந்திரத் தொழிற்சாலை 1930 இல் மூடப்பட்டது. பயின்ற தொழில் கண்முன்னே அழிவதன் துயரை அன்றே அவர் உணர்ந்திருத்தல் வேண்டும்.

சிலேற்றுக்கல் ஏற்றிச்செல்ல 1865 இல் அமைந்தது ரலிலின் பாதை. நீளம் ஏறத்தாழ 7 மைல். தண்டவாளங்களின் இடைவெளி 2 அடி 3 அங்குலம். 1948 இல் பிரித்தானியப் புகையிரதங்கள் அரசுடைமையானபோது இதனை அரசு ஏற்கவில்லை. 1950 இல் உரிமையாளர் சேர் ஹென்றி ஹேடன் ஜோன்ஸ் காலமானார். பாதைக்கும் முடிவு நெருங்கிற்று. அவ்வாண்டு ஒக்ரோபரிலே றோல்ற்றும் நண்பரும் பேர்மிங்காமிற் கூட்டங் கூட்டினர். அன்பர்களே ஊதியமின்றி உழைத்து அதனை நடத்துவதெனத் துணிந்தனர். அதற்குமுன் எவரும் செய்யாத காரியம் அது!

பாதையின் நிலையோ பரிதாபம். கட்டைகள் உக்கிப்போயின, தண்டவாளங்களை விலகாது பிடித்துவைத்தது புல்லே எனலாம். 1951 மே 14 இல் முதல் வண்டி புறப்பட்டபோது, ஓடத்தக்க இயந்திரம் 1866 இற் செய்யப்பட்ட 'டொல்கொக்' ஒன்றே. அது பழுதுற்றிருப்பின் யாவும் அன்றே முடிந்திருக்கும். அவ்வாண்டும் மறுவாண்டும் றோல்ற்றே முகாமையாளராயிருந்து இடர்களைத் தாங்கினார். மூடப்பட்ட கொறிஸ் பாதையின் இயந்திரங்கள் இரண்டு, அதே அகலத்தினவாதலின், வாங்கப்பட்டன. ஒன்றுக்குக் காலஞ்சென்ற உரிமையாளரின் பெயரைச் சூட்டினர்.

றோல்ற் 1974 இல் மறைந்தார். 1991 இல் அப்பாதைக்கு வந்த இயந்திரமொன்று அவர் பெயரைத் தாங்கிற்று.