ஹெலிக்குப் பெயர் கொடுத்தவர்

பெல் 212 என்ற பெயரைத் தெரியாதவர்கள் வடக்கு கிழக்கில் இருக்கலாம். அதன் சத்தத்தைத் தெரியாதவர்கள் குறைவு. இரண்டே தகடுகள் கொண்ட அகலமான சுழலி காற்றை அறைந்துகொண்டு வரும். ஹெலி கண்ணில் படுவதற்கு முன்பே சனம் பங்கரைத் தேடிவிடும். அந்தப் பெயரில் உள்ள பெல் ஒரு மனிதர்.

லாரன்ஸ் டேல் பெல் 1894இல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், மென்டோன் என்ற சிற்றூரில் பிறந்தார். எல்லோரும் லாரி என்றே அழைத்தார்கள். குடும்பம் பிறகு கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தது. அண்ணன் குரோவர் சாகச விமானி. லாரி பள்ளிப் படிப்பை முடிக்காமலே அண்ணனின் விமானத்துக்கு மெக்கானிக்காகப் போனார். 1913இல் அண்ணன் விமான விபத்தில் இறந்தார். இனி விமானத்தின் பக்கமே போவதில்லை என்று 19 வயதில் முடிவெடுத்த தம்பி, கொஞ்சக் காலத்திலேயே கிளென் மார்ட்டின் கம்பனியில் வேலைக்குச் சேர்ந்தார். தொழிலாளியாக நுழைந்தவர் அங்கேயே துணைத் தலைவர் வரை உயர்ந்தார்.

1935இல் அவர் பொறுப்பில் இருந்த கொன்சொலிடேட்டட் கம்பனி பஃபலோ நகரை விட்டு சான் டியாகோவுக்கு இடம்மாறியது. பெல் அங்கேயே தங்கி, தன் பெயரில் சொந்தக் கம்பனியைத் தொடங்கினார். இரண்டாம் உலகப் போர் அதை ஊதிப் பெருக்கியது. பி-39 போர்விமானம் மட்டும் 9,500க்கு மேல் செய்யப்பட்டது. அதில் பாதியளவு சோவியத் யூனியனுக்குப் போனது. 1947இல் ஒலியின் வேகத்தை முதலில் தாண்டிய எக்ஸ்-1 விமானமும் பெல்லின் தயாரிப்புத்தான். ஆகவே அவரை அப்பாவி என்று நான் எழுதப்போவதில்லை. ஆயுதம் செய்தே வளர்ந்தவர்.

ஹெலியின் கதை இதற்குப் பக்கத்தில், ஒரு மூலையில் தொடங்கியது. 1941இல் ஆர்தர் யங் என்பவர் தான் செய்த சின்ன மாதிரி ஹெலியோடு பெல்லின் தொழிற்சாலைக்கு வந்தார். போர்விமான வேலையில் மூழ்கியிருந்த பெரிய ஆலையில் அவருக்கு இடமில்லை. பஃபலோவுக்கு வெளியே கார்டன்வில் என்ற இடத்தில், காலியாகக் கிடந்த ஒரு கார்க் கடையில் சிறு குழுவோடு அவரை உட்கார வைத்தார்கள். அங்கிருந்து வந்ததுதான் பெல் 47. 1946 மார்ச் 8இல் சிவில் பயன்பாட்டுக்கு உரிமம் பெற்ற முதல் ஹெலிகொப்டர் அதுவே. கொரியப் போரில் அதன் இரு பக்கமும் ஸ்ட்ரெச்சர் கட்டி, காயப்பட்ட ஆயிரக்கணக்கானவர்களைத் தூக்கிச் சென்றார்கள்.

அந்த மூலை 1951இல் தனிப் பிரிவாகி டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த் பக்கம் போனது. 1955இல் அமெரிக்க இராணுவம், முக்கியமாகக் காயக்காரரை ஏற்றிச் செல்வதற்கென ஒரு புது ஹெலி கேட்டபோது, ஒப்பந்தம் இந்தப் பிரிவுக்கே கிடைத்தது. 1956 ஒக்டோபர் 20இல் அது முதன்முதலாகப் பறந்தது. நோயுற்றிருந்த லாரி பெல் அதே நாளில் இறந்தார்.

பிறகு நடந்ததெல்லாம் அவர் இல்லாத கதை. அந்த ஹெலிதான் வியட்நாமில் உலகமறிந்த 'ஹூயி'. 1957இல் ஹெலிப் பிரிவு பெல்லின் கீழ் ஒரு துணைக் கம்பனியானது. 1960இல் பெல்லின் பாதுகாப்புத் தொழில்களோடு சேர்த்து அதை டெக்ஸ்ட்ரோன் வாங்கியது. டெக்ஸ்ட்ரோன் நூல் வியாபாரத்தில் தொடங்கி, பல தொழில்களை விலைக்கு வாங்கிப் பெருத்த குழுமம். அதன் கிளைகளில் ஹெலியும் ஒன்றானது. ஹூயி குடும்பத்தின் இரட்டை இயந்திர வர்த்தக மாதிரிக்கு 212 என்று எண் வைத்தார்கள்.

இலங்கைக்குப் பெல்லின் ஹெலிகள் நமது போருக்கு முன்பே வந்துவிட்டன. 1971 ஏப்ரலில் இங்கே ஊவாவில் வெல்லவாய பொலிஸ் நிலையம் தாக்கப்பட்டு ஜே.வி.பி. கிளர்ச்சி வெடித்தபோது, அமெரிக்கா அவசரமாகக் கொடுத்தது பெல் 47 ஹெலிகளை. 1980களில் 212 வந்தது. கதவோரம் இயந்திரத் துப்பாக்கியும் பக்கவாட்டில் ரொக்கட் குழாய்களும் ஏறின. காயப்பட்ட படையினரையும் அதே ஹெலிதான் ஏற்றிச் சென்றது. ஸ்ட்ரெச்சருக்கென்று பிறந்த குடும்பம், கீழே நின்றவர்களைச் சுடவும் பயன்பட்டது.

1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத் தோட்டங்களை விட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போனவர்கள் ஏராளம். எங்கள் பெரியம்மா குடும்பமும் அப்படிப் போனதுதான். தோட்டத்து அடிக்குப் பயந்து போனவர்களை அங்கே ஹெலி தேடி வந்தது. போர் முடிந்து பெரியம்மா வெலிமடைக்குத் திரும்பிவிட்டார். இப்போதும் தியத்தலாவை முகாம் பக்கமாக ஹெலி போனால், கரட் பாத்தியில் நிற்பவர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வேலியோரம் ஒதுங்குவார். பக்கத்துப் பாத்தியில் நிற்கும் பிள்ளைகள் கையசைப்பார்கள்.

இந்தப் பயத்துக்கு யாரிடம் கணக்குக் கேட்பது? செய்த பிரிவு தாய்க் குழுமத்தைக் காட்டும், குழுமம் வாங்கிய அரசைக் காட்டும், அரசு போரைக் காட்டும். பெல் உயிரோடு இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்ற ஊகத்தில் எனக்கு ஆர்வமில்லை. பறக்கும் இயந்திரம் ஒரு வீட்டிலிருந்து எதை எடுத்துக்கொண்டு போகும் என்பது 19 வயதிலேயே அவருக்குத் தெரிந்திருந்தது. அவருக்குப் பின் அந்தப் பிரிவை வாங்கி விற்றவர்களின் கணக்கில் அப்படி ஒரு பத்தி இல்லை.

212 இன்னும் இலங்கை விமானப்படையில் இருக்கிறது. 2025 மே 9இல் மாதுரு ஓயா நீர்த்தேக்கத்தில் ஒன்று விழுந்து படையினர் 6 பேர் இறந்தார்கள். அன்றைய செய்திகளிலும் பெல் என்ற பெயர் ஹெலியின் வகையாக மட்டுமே வந்தது.