மடியில் கிதார் ஏந்தி உலகைச் சுற்றிய டாவ் மோயே

விழா மலர் என்றால் ஆயர் பெருந்தகையின் ஆசியுரையும், பங்கின் வரலாறும், பணியாற்றிய குருக்களின் பட்டியலும் இடம் பெறுவது வழக்கம். அவற்றின் நடுவே எங்கோ பசிபிக் மாக்கடல் தீவில் வாழ்ந்த ஓர் இசைக் கலைஞருக்கு என்ன இடம் என்று அன்பர்கள் கேட்கக்கூடும். நம் ஆலத்தியூர் வட்டாரத்திலிருந்து பிழைப்புக்காக வெளியூரும் வெளிநாடும் சென்றவர்கள் வீட்டுக்கு ஒருவரேனும் உண்டு. ஊரை விட்டுப் போகிறவன் ஊரிலிருந்து எதை எடுத்துச் செல்கிறான், போன இடத்தில் எதை விட்டு வருகிறான் என்ற கேள்வி நம் ஒவ்வொருவருக்கும் உரியது. அந்தக் கேள்விக்குத் தம் வாழ்நாளையே பதிலாகத் தந்தவர் டாவ் மோயே. அவர் நம் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர். மோர்மன் சபையில் வளர்ந்தவர். ஆயினும் அவரது வாழ்வு எல்லாக் குடும்பங்களுக்கும் பாடமாகத்தக்கது.

பழைய இந்தி, தமிழ்த் திரைப்பாடல்களில், அழுவது போலவும் அசைந்தாடுவது போலவும் ஒரு கம்பி நாதம் இடையிடையே வழிந்து வரும். அதுவே ஹவாயன் கிதார். சாதாரணக் கிதாரை மார்போடு அணைத்து, விரல்களால் தந்தியை அழுத்தி வாசிப்பர். ஹவாயன் கிதாரையோ மடியில் மல்லாத்தி வைத்து, இடக்கையில் பிடித்த எஃகுத் துண்டைத் தந்திகளின் மேல் வழுக்கிக்கொண்டே வலக்கையால் மீட்டுவர். ஒரு சுரத்திலிருந்து மறு சுரத்துக்கு நாதம் படியேறிச் செல்லாமல் நீரோட்டம் போல வழிந்து செல்லும்.

தஞ்சைத் தரணிக்கு அண்மையில் வாழும் நமக்கு இது முற்றிலும் புதிதன்று. திருவிடைமருதூர் சகாராம் ராவும், பின்னர் பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகளும் புகழ்பெறச் செய்த கோட்டுவாத்தியத்திலும் இதே முறைதான். அங்கே எஃகுக்குப் பதிலாகக் கட்டை தந்தியின் மேல் வழுக்கும். கடலுக்கு இருபுறமும் மனிதர் ஒரே நாதத்தைத் தேடியிருக்கிறார்கள் என்பது வியப்புக்குரியது.

ஹவாய்த் தீவுகளில் இவ்வாசிப்பு முறையைக் கண்டவராகப் போற்றப்படுபவர் ஜோசப் கெகுகு. லாயியே என்னும் சிற்றூரில் 1874-ல் பிறந்தவர். பள்ளி மாணவனாக இருந்தபோதே இரும்புத் துண்டைத் தந்தியின் மேல் வழுக்கிப் பார்த்து, பல ஆண்டுகள் முயன்று அம்முறையைச் செம்மைப்படுத்தினார். 1904-ல் தீவை விட்டு அமெரிக்காவுக்குச் சென்ற அவர், ஊர் திரும்பாமலே 1932-ல் நியூ ஜெர்சியில் காலமானார். அவர் விட்டுச் சென்ற அதே லாயியே ஊரில் வளர்ந்தவர்தாம் நம் கதாநாயகர்.

டாவ் மோயே 1908-ல் சமோவாத் தீவில் பிறந்தார். சிறுவனாக இருக்கும்போதே பெற்றோருடன் லாயியேயில் குடியேறினார். கரும்புத் தோட்டங்களும் கடற்கரையும் சூழ்ந்த அவ்வூரில் பாட்டும் கிதாரும் இல்லாத வீடு அரிது. அங்கேயே கலையைக் கற்றார். நல்ல குரல்வளம் வாய்ந்த ரோஸ் என்னும் பெண்ணை வாழ்க்கைத் துணையாகப் பெற்றார். அக்காலத்தில் ரிவியர் என்னும் பிரெஞ்சு அம்மையார் ஹவாய்க் கலைஞர்களைத் திரட்டி ஓர் இசைக்குழு நடத்தினார். இளந்தம்பதியர் இருவரும், டாவின் சிறிய தந்தையருடன் அதில் சேர்ந்து, 1928-ல் கப்பல் ஏறினர். சில காலத்தில் திரும்பிவிடலாம் என்றுதான் எவரும் நினைத்திருப்பர். ஆனால் அந்தப் பயணம் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் நீண்டது!

ஆசிய நாடுகளை ஒவ்வொன்றாகச் சுற்றிய அக்குழு 1929-ல் தோக்கியோவில் சில இசைத்தட்டுகளைப் பதிவு செய்தது. ரோஸ் அப்போது இருபது வயதைத் தாண்டிய இளம்பெண். மகன் லானி அவர்களுக்கு ஜப்பானில் பிறந்தான். குழந்தை பிறந்ததும் மனைவியையும் பிள்ளையையும் ஊருக்கு அனுப்பிவிட்டுத் தாம் மட்டும் தொழிலைத் தொடர்வதே எளிதாக இருந்திருக்கும். டாவ் அதற்கு இசையவில்லை. தவழ்ந்த பிள்ளை மேடையோரத்திலேயே வளர்ந்தான். நடக்கக் கற்றதும் ஆடக் கற்றான். பின்னர் பெற்றோருடன் சேர்ந்து வாசிக்கவும் பாடவும் தொடங்கினான். குடும்பமே ஓர் இசைக்குழுவாயிற்று. 1930-களில் அவர்கள் ஐரோப்பாவிலும் வாசித்தனர். ஹிட்லரின் ஆட்சியில் துன்புற்ற யூத நண்பர்களுக்கு அப்போது தாங்கள் உதவியதைக் குடும்பத்தார் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தனர்.

உலகப் போர் மூண்ட காலத்தில் அவர்களுக்குப் புகலிடம் தந்தது நம் நாடே. 1940-களின் பெரும் பகுதியை டாவ் குடும்பம் கல்கத்தாவில் கழித்தது. சௌரங்கியில் உள்ள கிராண்ட் ஓட்டலில் அவர்களது இசை ஒலித்தது. அந்த ஆண்டுகள் கல்கத்தா அனுபவித்த துயரம் கொஞ்சமன்று. 1942-ல் ஜப்பானியர் குண்டு போட்டனர். 1943-ல் பெரும் பஞ்சத்தில் பட்டினியால் மாண்டவர்கள் தெருக்களில் கிடந்தனர். 1946 ஆகஸ்டில் மதக் கலவரம் நகரை இரத்தத்தில் நனைத்தது. அத்தகைய நகரில் ஒரு பரதேசிக் குடும்பம் கிதாரையே ஊன்றுகோலாகக் கொண்டு வாழ்ந்தது. மகள் டோரியன் இந்தியாவில் பிறந்தாள்.

டாவ் மேடையில் வாசித்ததோடு நிற்கவில்லை. கேட்டு வந்தவர்க்கு வித்தையைக் கற்றுக் கொடுத்தார். ஹவாயன் கிதாரை அதற்கு முன்பும் கல்கத்தா அறியும். கார்னி நிஸ் போன்ற கலைஞர்கள் அங்கே குழு அமைத்து வாசித்தனர். ஆனால் அத்தீவிலிருந்தே வந்த ஒருவர் நேரில் அமர்ந்து வாசித்துக் காட்டியது அவ்விசைக்குப் புத்துயிர் அளித்தது.

அது நம் மண்ணில் வேர்விட ஒரு காரணம் உண்டு. நம் கோயில் பாடகர் குழுக்களுக்குப் பழக்கமான ஆர்மோனியத்தை அகில இந்திய வானொலி 1940-ல் தடை செய்தது. 1971-ல்தான் தடை தளர்ந்தது. ஆர்மோனியத்தின் சுரங்கள் தனித்தனியே நிற்பவை. அவற்றில் கமகம் வராது என்பது தடைக்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. எஃகுத் துண்டு வழுக்கும் கிதாரிலோ மனிதக் குரலின் குழைவு அப்படியே வந்தது. எனவே அயல்நாட்டுக் கருவியாயினும் இந்தியப் பாட்டுக்கு அது இசைந்தது. வங்காளத்தில் தாகூரின் பாடல்களை இக்கிதாரில் வாசிப்பது வீட்டுக்கு வீடு பரவிற்று. கவி நஸ்ருல் இஸ்லாமின் மகன் காஜி அனிருத்தா, சுனில் கங்குலி, படுக் நந்தி ஆகியோர் இதில் பெயர் பெற்றனர். பிரிஜ் பூஷண் காப்ரா இதை இராக ஆலாபனைக்கு உரிய கருவியாக உயர்த்தினார். அதே மரபில் வந்த விசுவ மோகன் பட் 1994-ல் கிராமி விருதும் பெற்றார்.

டாவ் இவற்றையெல்லாம் காண நம் நாட்டில் தங்கியிருக்கவில்லை. 1947-ல் குடும்பம் மீண்டும் புறப்பட்டது. இன்னும் முப்பது ஆண்டுகள் ஐரோப்பாவிலும் பிற நாடுகளிலும் வாசித்தனர். பிள்ளைகள் பல மொழிகள் பேசினர். ஆனால் மேடையில் பாடியது லாயியேயின் பாடல்களையே. முதுமை வந்தபோது டாவும் ரோஸும் லாயியேக்குத் திரும்பினர். உலகம் முழுதும் ஹவாயின் பெயரைச் சொல்லி வாசித்தவரைச் சொந்தத் தீவில் அறிந்தவர் மிகச் சிலரே. அதற்காக அவர் மனம் கசந்ததாகத் தெரியவில்லை.

பின்னர் ஓர் அதிசயம் நிகழ்ந்தது. பழைய ஹவாய் இசைத்தட்டுகளைத் தேடிச் சேர்த்து, அம்முறையில் வாசித்து வந்த பாப் பிராஸ்மன் என்னும் அமெரிக்க இளைஞருக்கு ஒரு நாள் கடிதம் வந்தது. அவருடைய இசைத்தட்டு வேண்டும் என்று லாயியேயிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். கையெழுத்தைப் பார்த்த இளைஞர் திகைத்தார். தாம் போற்றி வந்த 1929-ஆம் ஆண்டுப் பதிவுகளில் கண்ட பெயர் அது! அவர் தீவுக்கு ஓடினார். டாவ், ரோஸ், லானி, டோரியன் நால்வரும் பிராஸ்மனின் கிதாருடன் சேர்ந்து, இளமையில் பாடிய அதே பாடல்களை ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் பாடினர். அத்தொகுப்பு 1989-ல் வெளியாயிற்று. எண்பது வயது ரோஸின் குரல் கேட்டவர்களை உருக்கியது. பின்னாளில் அதே பிராஸ்மன், கல்கத்தாவைச் சேர்ந்த தேபாசிஷ் பட்டாச்சார்யாவுடன் இணைந்து 2003-ல் ஓர் இசைத்தொகுப்பு வெளியிட்டார். டாவ் ஒரு காலத்தில் கற்றுக் கொடுத்த நகரமும் முதுமையில் அவரைத் தேடி வந்த இளைஞரும் இவ்வாறு ஒன்று கூடினர்.

ரோஸ் முந்திக்கொண்டார். டாவ் மோயே 2004-ஆம் ஆண்டு ஜூன் மாதம், தம் 95-ஆம் வயதில் கண் மூடினார்.

நம் அரியலூர்ச் சீமையின் மண்ணைத் தோண்டினால் கல்லாகிப் போன கடற்சிப்பிகள் கிடைப்பதை நாம் அறிவோம். கடல் விலகிப் பல கோடி ஆண்டுகள் ஆகியும் அதன் அடையாளம் மண்ணில் நிலைத்திருக்கிறது. அவ்வாறே, ஆறேழு ஆண்டுகள் தங்கிப் போன ஒரு மனிதரின் நாதம் நம் நாட்டில் நிலைத்துவிட்டது. தூர தேசத்தில் உழைக்கும் நம் பிள்ளைகளும் ஊரின் பாட்டை மறவாதிருக்கட்டும். போன இடத்தில் நல்லதொன்றை விதைத்து வரட்டும். இங்குள்ள பெற்றோரோ, மாலையில் அரைமணி நேரமேனும் பிள்ளைகளோடு அமர்ந்து பாடட்டும். ஒன்றாகப் பாடிய குடும்பம் எத்தனை கடல் கடந்தாலும் பிரிந்துபோகாது என்பதற்கு டாவ் மோயேயின் வாழ்வே சான்று.