காலில் குறை, கண்ணில் நிறை

உடலில் குறை நேர்வது யாருடைய குற்றமும் அன்று. ஆயினும் அந்தக் குறையையே பெயராக வைத்துக் கூப்பிடும் வழக்கம் உலகில் எங்கும் இருக்கிறது. பள்ளிகளில் அது சற்று அதிகம். பட்டப்பெயரைச் சூட்டியவர் அதை மாலைக்குள் மறந்துவிடுவார். அதைக் கேட்டவர் ஆயுள் முழுவதும் மறப்பதில்லை. அப்படி ஒரு பெயரைச் சுமந்து வளர்ந்து, பின்னாளில் உலகப் புகழ் பெற்ற புகைப்படக் கலைஞரான டோரத்தியா லாங் அம்மையாரின் வரலாற்றை நாம் இங்கே காண்போம்.

இவர் 1895ஆம் ஆண்டு மே 26ஆம் நாள் அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்தின் ஹோபோக்கன் நகரில், ஜெர்மானிய வழிவந்த குடும்பம் ஒன்றில் பிறந்தார். தந்தை வழக்கறிஞர். ஏழு வயதில் டோரத்தியாவை இளம்பிள்ளை வாதம் தாக்கியது. அதற்குத் தடுப்பு மருந்து வர இன்னும் அரை நூற்றாண்டு இருந்தது. உயிர் பிழைத்தார். ஆனால் வலது கால் முழங்காலுக்குக் கீழே வலுவிழந்துவிட்டது. அன்று முதல் இறுதிவரை அவர் சாய்ந்து சாய்ந்துதான் நடந்தார்.

உடன் விளையாடிய பிள்ளைகள் அவரை நொண்டி என்று அழைத்தனர். வீட்டிலும் ஆறுதல் குறைவே. தெரிந்தவர்கள் எதிரே வந்தால், முடிந்தவரை நன்றாக நடக்கும்படி தாய் மகளிடம் மெல்லச் சொல்வாராம். தாயின் அந்த வெட்கம் சிறுமியின் மனத்தில் முள்ளாகத் தைத்தது. அவருடைய பன்னிரண்டாம் வயதில் தந்தையும் குடும்பத்தை விட்டுப் பிரிந்தார்.

தாய்க்கு நியூயார்க் நகரில், வெளிநாடுகளிலிருந்து வந்து குடியேறிய ஏழைகள் நெருக்கமாக வாழ்ந்த பகுதியில் ஒரு நூலகத்தில் வேலை கிடைத்தது. டோரத்தியாவும் அங்கேயே ஒரு பள்ளியில் சேர்ந்தார். அங்கே பெரும்பாலோர் யூதக் குடும்பத்துப் பிள்ளைகள். அவர்களிடையே டோரத்தியா தனித்தே நின்றார். மாலையில் நூலகத்தின் ஜன்னல் வழியே எதிர்வீட்டு மக்களின் வாழ்க்கையைக் கவனித்துக்கொண்டிருப்பார். தாய்க்கு இரவு வேலை உள்ள நாட்களில், குடிகாரர்கள் விழுந்து கிடக்கும் தெரு வழியாகத் தனியே நடந்து வீடு திரும்புவார். யார் கவனத்தையும் ஈர்க்காமல் நடக்கவும், எதையும் கூர்ந்து நோக்கவும் அந்தத் தெருக்களே அவருக்குக் கற்றுக் கொடுத்தன.

உயர்நிலைப் பள்ளிப் படிப்பு முடிந்ததும், தாம் புகைப்படக்காரர் ஆகப் போவதாக அறிவித்தார். அப்போது அவரிடம் ஒரு காமிரா கூட இல்லை! ஆசிரியைப் பயிற்சி பெறவேண்டும் என்பது தாயின் விருப்பம். டோரத்தியாவோ தம் முடிவில் உறுதியாக நின்று, படக்கூடங்களில் வேலை செய்து தொழிலைக் கற்றார். 1918இல் தோழி ஒருத்தியுடன் உலகைச் சுற்றிவரப் புறப்பட்டார். சான்பிரான்சிஸ்கோவில் பணம் திருட்டுப் போகவே, பயணம் அங்கேயே நின்றது. அவர் மனம் தளரவில்லை. மறு ஆண்டே அந்நகரில் சொந்தப் படக்கூடம் திறந்தார். செல்வர்கள் அவரை நாடி வந்தனர்.

1929இல் அமெரிக்காவில் பெரும் பொருளாதார வீழ்ச்சி ஏற்பட்டது. வேலை இழந்தோர் தெருவில் திரிவதை லாங் தம் ஜன்னலிலிருந்து கண்டார். 1933இல் காமிராவுடன் தெருவில் இறங்கி, இலவச உணவுக்காகக் காத்து நின்றவர்களைப் படம் எடுத்தார். 1935 முதல் அரசுப் பணியில் சேர்ந்து, பிழைப்புத் தேடி ஊர் ஊராக அலைந்த விவசாயக் குடும்பங்களைப் படம் பிடித்தார்.

இங்கேதான் அந்தக் கால் அவருக்குக் கைகொடுத்தது. துன்பத்தில் இருப்பவர்கள் காமிராவுடன் வரும் அந்நியரை எளிதில் நம்புவதில்லை. லாங் மெதுவாக நொண்டி நொண்டி அவர்களுடைய கூடாரங்களுக்குச் செல்வார். குடிக்கத் தண்ணீர் கேட்டு, நிதானமாகக் குடிப்பார். குழந்தைகள் காமிராவைத் தொட்டுப் பார்க்க விடுவார். இவரும் துன்பம் அறிந்தவரே என்று கண்ட மக்கள் மனம் திறந்தனர்.

1936 மார்ச்சில் கலிபோர்னியாவின் நிப்போமோ என்ற இடத்தில், பட்டாணி பறிப்போரின் முகாமுக்கு வழிகாட்டும் பலகை ஒன்றை லாங் கண்டார். வீடு திரும்பும் அவசரத்தில் அதைக் கடந்து 20 மைல் சென்றவர், மனம் கேளாமல் காரைத் திருப்பினார். உறைபனியால் பயிர் அழிந்து அங்கே மக்கள் பட்டினி கிடந்தனர். குழந்தைகள் தோளில் முகம் புதைத்திருக்க, கவலையோடு எங்கோ நோக்கும் 32 வயதுத் தாய் ஒருத்தியை அவர் படம் எடுத்தார். முகாமின் நிலை செய்தித்தாளில் வெளியானதும் 20,000 பவுண்டு உணவு அங்கே அனுப்பப்பட்டது. அந்தத் தாயின் படம் இன்றும் உலகப் புகழ் பெற்றது.

இத்தனை புகழுக்குப் பின்பும் லாங் நீண்ட பாவாடையாலும் கால்சட்டையாலும் தம் காலை மறைத்தே வந்தார். 1950களின் பிற்பகுதியில் அவர் மாணவர்களுக்குப் புகைப்படக் கலை கற்பித்தபோது, தாம் வாழும் இடத்தைப் படம் எடுத்துவரும்படி ஒரு பயிற்சி கொடுத்தார். அதற்குத் தாமும் ஒரு படம் எடுத்துக் காட்டினார். அது அவருடைய ஊனமுற்ற பாதத்தின் படம்! ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக மறைத்ததை அவர் தாமாகவே வெளிப்படுத்தினார். 1965 அக்டோபர் 11ஆம் நாள் தம் எழுபதாம் வயதில் மறைந்தார்.

தோழியரே, லாங் அம்மையாரின் கால் குணமாகவில்லை. கேலியின் வடுவும் முற்றும் ஆறவில்லை. அவை இரண்டும் இருக்கும்போதே அவர் தலைநிமிர்ந்து நடந்தார். தாம் பட்ட துன்பத்தைக் கொண்டு பிறர் துன்பத்தை அறிந்தார். நம்மிடையே மெதுவாக நடக்கும் தோழி ஒருத்தி இருந்தால், அவளை அவளுடைய சொந்தப் பெயரால் அழைப்போம். அவள் வேகத்துக்கு நம் நடையைக் குறைத்துக்கொண்டு, அவளோடு சேர்ந்து நடப்போம்.