மண்ணுளிப் பாம்பு, கத்தாளை மீன்... இரண்டிலும் ஒளிந்திருக்கும் தரங்கம்பாடி ஜான் யார்?

இருதலை மணியன் என்று சொல்லி லட்சக்கணக்கில் விலை பேசி ஏமாற்றும் கும்பல் பிடிபட்டதாக அடிக்கடி செய்தி வருமே, அந்த மண்ணுளிப் பாம்பின் அறிவியல் பெயர் எரிக்ஸ் ஜானியை. மீன் மார்க்கெட்டில் வாங்கும் கத்தாளையின் பேரினப் பெயர் ஜோனியஸ். இரண்டு பெயரும் ஒரே ஆளைக் குறிக்கின்றன. அவர் மீன் விஞ்ஞானி கூட இல்லை. தரங்கம்பாடியில் 42 ஆண்டுகள் வாழ்ந்து மறைந்த ஜெர்மானியப் பாதிரியார், கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான்.

1747-ல் பிறந்த ஜான், 1771-ல் டேனிஷ் மிஷனுக்காகக் கப்பலேறி வந்தார். சீகன்பால்கு வந்து அறுபத்தைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. அச்சுக்கூடம், தேவாலயம், பள்ளி எல்லாம் ஏற்கெனவே இருந்தது. ஜானுக்கு முக்கிய வேலை பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வது. ஆனால் அவர் வந்த நேரம் அப்படி. லின்னேயஸிடம் நேரடியாகப் படித்த மருத்துவர் கோனிக், 1768 முதலே தரங்கம்பாடியில் இருந்தார். கறிவேப்பிலையின் அறிவியல் பெயரில் வரும் 'கோனிகி' இவர்தான். உயிரினங்களுக்கு இரண்டு சொல்லில் பெயர் வைக்கும் முறை இந்தச் சின்னக் கடற்கரை ஊரில் வேர்பிடித்தது அவரால். மிஷனின் இன்னொரு பாதிரியார் ராட்லர் செடிகள் பக்கம் போனார் (பின்னாளில் தமிழ் அகராதி செய்தவரும் அவரே). ஜானின் கவனம் கடல் பக்கம் திரும்பியது.

மீன் எப்படி பெர்லின் போனது?

பெர்லினில் மார்கஸ் ப்ளோக் என்ற யூத மருத்துவர், உலகத்து மீன்களையெல்லாம் படத்தோடு பதிப்பிக்கும் பெரிய வேலையில் இருந்தார். 1782-ல் தொடங்கி 1795 வரை வந்த 12 தொகுதிகள். அவர் இந்தியா பக்கமே வந்ததில்லை. தரங்கம்பாடியிலிருந்து ஜான் அனுப்பிய மீன்களும் குறிப்புகளும்தான் அவருக்குக் கண். அந்தக் கால வழக்கப்படி மீன் சாராயத்தில் ஊறியோ, காய்ந்த தோலாகவோதான் கப்பல் ஏறும். ஐரோப்பா போய்ச் சேர்வதற்குள் நிறம் போய்விடும். அதனால் உயிரோடு இருக்கும்போது என்ன நிறம், எங்கே வாழும், உள்ளூர்ப் பெயர் என்ன என்று எழுதி அனுப்புகிறவர் இல்லாவிட்டால் புட்டியில் இருப்பது வெறும் வெளுத்த உடம்பு.

ஜான் அதைச் செய்தார். 1793-ல் ப்ளோக் ஒரு புதிய பேரினத்துக்கு ஜோனியஸ் என்று பெயர் வைத்தார். அதில் ஒரு இனம் ஜோனியஸ் கரூட்டா. கரூட்டாவை லத்தீன் என்று நினைத்துவிடாதீர்கள். கருத்த கத்தாளையில் வரும் நம்ம 'கருத்த' தான் அது! விராலும் குரவையும் அதே ஆண்டு ப்ளோக் கையால் அறிவியல் பெயர் பெற்றன. அடுத்த ஆண்டு தேளி. அதற்கு அவர் வைத்த ஃபாசிலிஸ் என்ற சொல்லுக்குத் தோண்டி எடுக்கப்பட்டது என்று பொருள். கோடையில் வற்றிய குளத்துச் சேற்றைக் கிளறி தேளி பிடித்த டெல்டாக்காரர்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

பிறகு பிரெஞ்சுக்காரர் லசெபேட், அதே விராலுக்கு 'வ்ரால்' என்றும் குரவைக்கு 'கரூவே' என்றும் இனப்பெயர் சூட்டினார். காதில் விழுந்த தமிழை அப்படியே எழுதியதுதான். ஆனால் வகைப்பாட்டில் முதலில் வந்த பெயருக்கே உரிமை என்பதால் இவை தள்ளுபடி ஆகிவிட்டன. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

அந்த வகைப்பாடு இன்றைக்குப் பார்த்தால் சிரிப்பு வரும். ப்ளோக் இறந்த பிறகு 1801-ல் ஷ்னைடர் முடித்து வெளியிட்ட நூல், துடுப்புகளின் எண்ணிக்கையை வைத்து மீன்களை அடுக்கியது. ஓடில்லாத கடல் நத்தைகள் நிலைமை இன்னும் மோசம். லின்னேயஸ் அவற்றை நட்சத்திர மீன், ஜெல்லி மீன், கணவாயோடு ஒரே கூடையில் போட்டார். ஓடுள்ள சொந்தக்கார நத்தைகள் வேறு கூடையில். சாராயத்தில் போட்டால் சுருங்கி நிறமிழக்கும் பிராணி என்பதால் அவற்றைப் படிப்பதும் கஷ்டம். மெட்ராஸ் மாகாணக் கடலோரத்தில் வால்டர் எலியட் சேகரித்த கடல் நத்தைகள் முறையாக விவரிக்கப்பட்டதே 1864-ல்தான்.

பாம்பு, ஔவையார், பள்ளிக்கூடம்

1801 ஜானுக்குப் பெரிய ஆண்டு. அவர் தரங்கம்பாடியிலிருந்து அனுப்பிய மண்ணுளிப் பாம்புக்கு, பாம்பு ஆராய்ச்சியாளர் பேட்ரிக் ரஸ்ஸல் அவர் பெயரையே வைத்தார். வால் மழுங்கி தலை மாதிரி இருக்கும். விஷம் கிடையாது, இரண்டாவது தலையும் கிடையாது. அதே ஆண்டு கல்கத்தாவின் ஆசியாட்டிக் சொசைட்டி இதழில் ஔவையாரைப் பற்றி ஜான் எழுதிய கட்டுரை வெளியானது. ஆத்திசூடியையும் கொன்றைவேந்தனையும் ஆங்கில வாசகர்களுக்குக் கொண்டுபோன ஆரம்பகால முயற்சிகளில் ஒன்று அது.

மத வேலையை விட்டுவிட்டு சிப்பி பொறுக்கியதாக மிஷன் வரலாற்றை எழுதிய சிலர் பின்னர் அவரைக் குறை சொன்னார்கள். 1808-ல் பிரிட்டிஷார் தரங்கம்பாடியைப் பிடித்துக்கொண்ட பிறகு மிஷனுக்குப் பண நெருக்கடியும் சேர்ந்தது. கண்பார்வையும் மங்கிக்கொண்டிருந்தது. மீனின் முள்ளை எண்ண முடியாத அந்த வயதில்தான் இலவசப் பள்ளிகளைத் தொடங்கினார்: 15 தமிழ்ப் பள்ளிகள், 5 ஆங்கிலம்-தமிழ்ப் பள்ளிகள். அந்த இரண்டாண்டு அனுபவத்தைப் பற்றிய அவரது அறிக்கை 1813-ல் லண்டனில் அச்சானது. அதே ஆண்டு ஜான் இறந்தார்.

வலையிழுத்து அவருக்கு மீன் கொடுத்தவர்கள், கருத்த கத்தாளை என்று சொல்லிக் கொடுத்தவர்கள் பெயர் எந்த அறிவியல் பெயரிலும் இல்லை. ஜோனியஸ் பேரினத்தில் இப்போது 30-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. ப்ளோக்கின் மீன் சேகரிப்பு இன்றும் பெர்லின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில், புட்டிகளில் இருக்கிறது.