டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார்

பெரியோர் சரிதம் எழுதப் புகுவோர் அவர்தம் குலச்சிறப்பை முதற்கண் கூறுதல் மரபு. அம்மரபினை நாமும் மீற விரும்பிலோம். ஐடா ஸ்கடர் அம்மையார் 1870ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் இராணிப்பேட்டையிலே பிறந்தார். பாட்டனார் ஜான் ஸ்கடர், அமெரிக்காவினின்று முதலில் இலங்கைக்கும் பின்னர்த் தமிழ்நாட்டுக்கும் வந்த மிஷனரி வைத்தியர், தந்தையாரும் அத்தொழிலினரே. இத்தகைய குடியிற் பிறந்தும், இந்நாட்டில் ஊழியம் புரியும் விருப்பம் அம்மையாருக்கு இளமையிற் சிறிதும் இருந்ததில்லை. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தின்போது, எலும்புந் தோலுமாய் வந்த பிள்ளைகளுக்கு ரொட்டித் துண்டுகளை ஊட்டிய கை அவருடையது. அக்காட்சியைக் கண்ட சிறுமி, அமெரிக்காவிற் கற்று அங்கேயே இல்லறம் நடத்த விழைந்ததைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை.

தாயார் நோயுற்றமையால், கல்வி முடிந்தபின் சிறிது காலத்துக்கென்று அவர் திண்டிவனம் வந்தார். அங்கே ஓரிரவு, பிராமணர் ஒருவர் வந்து, பேறுகாலத்திற் பெருந்துன்பமுறும் தம் இளமனைவியைப் பார்க்குமாறு வேண்டினார். ஐடா, தாம் வைத்தியமறியாமையைக் கூறித் தந்தையாரை அழைத்துச் செல்லுமாறு வேண்ட, அவரோ அந்நிய ஆடவர் தம் மனைவியைப் பார்த்தலாகாதென்று திரும்பிச் சென்றார். அவ்விரவே இஸ்லாமியர் ஒருவரும், மற்றுமோர் இந்துவும் அதே வேண்டுதலுடன் வந்து அவ்வாறே மீண்டனர். பொழுது விடியுமுன் மூன்று பெண்களும் மாண்டனர். சில அடி தூரத்தில் வைத்தியர் இருந்தும் அவர்கள் இறந்தனர் என்பதை நாம் கருதவேண்டும். அவர்களைக் கொன்றது பிரசவ நோய் மட்டுமன்று.

அம்மையார் அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்று, 1899இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியிற் பட்டம் பெற்று, 1900ஆம் ஆண்டு தொடக்கத்தில் வேலூர் வந்தார். ஐந்து மாதங்களுள் தந்தையார் காலமானார். சிறியதோர் அறையே முதல் வைத்தியசாலை. வேலைக்காரர் மனைவியாகிய சலோமியே முதல் துணை. தொடக்கத்தில் ஐயுற்று ஒதுங்கியிருந்த பெண்கள் பின்னர்த் திரளாக வந்தனர். செல் என்னும் செல்வர் தம் மனைவியார் நினைவாக அளித்த 10,000 டாலர் கொண்டு, 1902இல் 40 படுக்கைகளையுடைய வைத்தியசாலை எழுந்தது.

ஆயினும் மாட்டுவண்டிக்கும் வழியற்ற ஏழைகள் நகருக்கு எங்ஙனம் வருவர்? ஆகவே அம்மையாரே குடியாத்தம் சாலை வழியே சென்றார். மர நிழலே மருந்தகம். கண்ணோய், புண், சிரங்கு, காய்ச்சல் என்று வருவோருக்குச் சாலையோரத்திலேயே மருந்திடப்பட்டது. வீட்டிலுள்ளார் உண்டபின் எஞ்சியதையே உண்ணும் பெண்ணுக்கு, கருவுற்ற காலத்தும் அதுவே உணவாயின், இரத்தம் குன்றிப் பேறுகாலத்தில் உயிர் தாங்காது. மருந்து மட்டும் இதனைத் தீர்க்காது. வீட்டினுள் நுழைந்து கஞ்சிக்கலத்தையும் பார்க்கவல்ல பெண்களே இதற்கு வேண்டும்.

தாம் ஒருவரே எத்தனை ஊர் செல்வது என்பதையும் அம்மையார் உணர்ந்தார். 1909இல் தாதியர் பயிற்சியைத் தொடங்கினார். அத்தொழிலை இழிவென்று கருதிய காலம் அது. பின்னர்ப் பெண்களுக்கு மருத்துவப்பள்ளி வேண்டுமென்றபோது, சென்னை மாகாண வைத்திய அதிகாரி மூவர் விண்ணப்பித்தாலே பெரிதென எண்ணினார். வந்த விண்ணப்பங்களோ 151! 1918 ஆகஸ்டு 12ஆம் நாள் பள்ளி திறக்கப்பெற்றது. 1922இல் இறுதித் தேர்வெழுதிய 14 பெண்களும் தேறினர். ஆடவர் பள்ளிகளில் அவ்வாண்டு தேறினோர் சிலரே என்பதையும் இங்கே சொல்லாமல் விடுவது நீதியன்று.

பழைய வைத்தியப் பட்டயத்தை அரசாங்கம் நீக்க முனைந்தபோது, எழுபதை எட்டிய அம்மையார் மீண்டும் அமெரிக்கா சென்று பொருள் திரட்டினார். 1942இல் எம்.பி.பி.எஸ். வகுப்பு தொடங்கியது; பின்னர் ஆடவரும் சேர்க்கப்பட்டனர். அவர் மணம் செய்துகொள்ளவில்லை. 1960 மே 24ஆம் நாள், 89ஆம் வயதில், கோடைக்கானலிலுள்ள தம் இல்லத்தில் உயிர்நீத்தார்.